சிம்மைக் கழட்ட மாட்டியே?

ஆணி கொஞ்சம் குறைஞ்சிருக்கு மக்களே. அதான் ரொம்ப நாளா மனசுல கிடந்த ஒரு மேட்டரை எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

போன மே மாசம் எங்கம்மா முதல் தடவையா தனியா ஃப்ளைட் ஏறினாங்க. சென்னையில இருந்து ஃப்ராங்க்ஃபர்ட், அங்கேருந்து ரயில்ல சுவிட்சர்லாந்துல இருக்கிற பாசெல். தங்கச்சி வீடு அங்கதான். பேத்தியோட மூணு மாசம். மாப்பிள்ளை ஃப்ராங்க்ஃபர்ட் ஏர்போர்ட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போறதா ஏற்பாடு. எனக்கு இருந்த கவலை ஒண்ணே ஒண்ணுதான். இறங்கின உடனே அம்மா போன் வேலை செய்யணும்.

என்னோட பழைய ஐபோன் எக்ஸ்.ஆரைத் துடைச்சு, அம்மாவோட இந்திய சிம்மை அதுல மாட்டி, கூடவே ஒரு டிராவல் இ-சிம் வாங்கிப் போட்டுடலாம்னு ராத்திரி சாப்பிட்டு உக்காந்தேன். அஞ்சு நிமிஷ வேலைன்னு நெனச்சேன். மணி ஒண்ணு ஆயிடுச்சு. ஒருத்தன் 'ஐரோப்பா முழுக்க'ங்கறான், எந்தெந்த நாடுன்னு தேடினா கீழே பொடி எழுத்துல இருக்கு. ஒருத்தன் 'அன்லிமிடெட்'ங்கறான், பக்கத்துல ஒரு நட்சத்திரக் குறி. ஒரே நாடு, ஒரே ஜி.பி., கடைக்குக் கடை வேற விலை.

தூக்கம் வராம எழுந்து வந்த அம்மா பின்னாடி நின்னு பாத்துட்டு ஒண்ணு கேட்டாங்க.

"ஏண்டா, இந்த சிம்மைக் கழட்டணுமா?"

"வேண்டாம்மா. அது பாட்டுக்கு அங்கயே இருக்கும்."

"அப்பா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்"னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துட்டாங்க. எனக்குத் தூக்கம் போச்சு.

கொசுவத்தியை இங்க கொஞ்சம் சுத்திக்கறேன்.

*

2008. ஆபீஸ்ல ஆறு வாரத்துக்கு மியூனிக் அனுப்பினாங்க. அந்தக் காலத்துல ரோமிங்னாலே வயித்துல புளி கரைக்கும். பேசினாலும் காசு, எடுத்தாலும் காசு. அதனால எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணேன். இறங்கின மறுநாளே ஒரு ஜெர்மன் ப்ரீபெய்ட் சிம் வாங்கி மாட்டினேன். இந்திய சிம்மைக் கழட்டி ஒரு பேப்பர்ல மடிச்சு பர்ஸோட சில்லறை அறைக்குள்ள வெச்சேன். புது நம்பரை வீட்டுல தங்கமணிக்கு மட்டும் சொன்னேன். கும்பகோணத்துல அப்பா அம்மாவை நானே ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கூப்பிட்டுக்கலாம்னு நெனப்பு.

மூணாவது வாரம் வெள்ளிக்கிழமை காலையில அப்பாவுக்கு நெஞ்சு வலி. பக்கத்து வீட்டு மாமாதான் காரை எடுத்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோயிருக்கார். அம்மாவுக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. தங்கச்சிக்கு அப்போ ஃபைனல் இயர் பரீட்சை, அவகிட்ட சொல்லாதீங்கன்னு அந்த வலியிலயும் அப்பா சொல்லியிருக்கார். தங்கமணி நம்பர் மாமாகிட்ட இல்லை. அவர்கிட்ட இருந்தது காலண்டர் ஓரத்துல அப்பா எழுதி வெச்சிருந்த என் இந்திய நம்பர் ஒண்ணுதான். 11 தடவை அடிச்சிருக்கார். 11 தடவையும் ஸ்விட்ச் ஆஃப். மிஸ்டு கால்னு கூட எனக்குத் தெரியாது. சிம் பர்ஸுல தூங்கிட்டு இருந்தது.

ஆஸ்பத்திரியில கட்டச் சொன்ன அட்வான்ஸை மாமா தன் கையில இருந்து கட்டி, ஸ்டென்ட் வெச்சு, அப்பா கண்ணு முழிச்சு, எல்லாம் முடிஞ்ச பிறகு ஞாயித்துக்கிழமை நான் கூப்பிட்டப்பதான் விஷயமே தெரியும். அப்பா அதுக்கப்புறம் ஒன்பது வருஷம் நல்லாவே இருந்தார். ஒரு வார்த்தை கோவிச்சுக்கலை. ஆனா நான் எந்த ஊருக்குக் கிளம்பினாலும், வாசல்ல நின்னு ஒரே ஒரு கேள்வி கேப்பார்.

"சிம்மைக் கழட்ட மாட்டியே?"

அந்தச் சின்னத் துண்டை ஏன் கழட்ட வேண்டி வந்தது? இதைத்தான் நான் கொஞ்ச வருஷமா கிடைச்ச இடத்துல எல்லாம் படிச்சுட்டு இருக்கேன். படிச்சப்போ தெரிஞ்ச முதல் விஷயமே ஒரு அடி. சிம் கார்டைக் கண்டுபிடிச்சதுக்கு ஒரு முக்கியக் காரணமே, பார்டர் தாண்டினாலும் நம்ம நம்பர் நம்ம கூடவே வரணும்ங்கறதுதான். அந்தக் கார்டு பொறந்த ஊரு எது தெரியுமா? மியூனிக்.

*

1980கள்ல ஐரோப்பாவுல கார்ல வெச்சுப் பேசற போன் இருந்தது. ஆனா நாட்டுக்கு ஒரு முறை. ஜெர்மனிக்கு சி-நெட்ஸ், இங்கிலாந்துக்கு டாக்ஸ், ஃபிரான்ஸுக்கு ரேடியோகாம் 2000. ஒண்ணு இன்னொண்ணோட பேசாது. ஜெர்மன்காரர் ரைன் நதியைத் தாண்டி ஃபிரான்ஸுக்குள்ள போனா, கார்ல இருக்கிற அந்தக் காஸ்ட்லி போன் வெறும் டப்பா. நார்டிக் நாடுகள் மட்டும் கொஞ்சம் புத்திசாலிங்க. 1981லயே என்.எம்.டி.ன்னு ஒரு பொது முறையை வெச்சுக்கிட்டு பார்டர் தாண்டியும் பேசினாங்க.

1982ல ஐரோப்பியத் தபால், தொலைபேசித் துறைகளோட கூட்டமைப்பு 'க்ரூப் ஸ்பெஷியல் மொபைல்'னு ஒரு கமிட்டி போட்டது. அந்தப் பேரோட முதலெழுத்துக்கள்தான் ஜி.எஸ்.எம். (பின்னாடி விரிவாக்கத்தை மாத்திக்கிட்டாங்க, எழுத்து அப்படியே நின்னுடுச்சு.) 1987 செப்டம்பர் 7ஆம் தேதி கோபன்ஹேகன்ல 13 நாட்டு நிறுவனங்கள் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டன. எல்லாரும் ஒரே முறையில கட்டறோம், ஒருத்தரோட ஆள் இன்னொருத்தர் ஊருக்கு வந்தா பேச விடறோம்ங்கறதுதான் அதோட சாரம்.

போன் ஒரு பொருள், அதை வெச்சிருக்கிற ஆள் வேற. இந்த ரெண்டையும் பிரிச்சதுதான் ஜி.எஸ்.எம்.மோட பெரிய வேலை. ஆளோட அடையாளத்தை ஒரு கார்டுல போட்டாங்க. அதுதான் சிம். முதல்ல வந்த சிம் நம்ம ஏ.டி.எம். கார்டு சைஸ். ஏன் அவ்ளோ பெருசு? அன்னிக்கு போன் இருந்தது பெரும்பாலும் கார்ல. வாடகைக் கார் எடுத்தா அதுல இருக்கிற போன்ல உங்க கார்டைச் சொருகுங்க, அது உங்க போன். உங்க நம்பருக்கு வர்ற கால் அங்க அடிக்கும், பில் உங்களுக்கு வரும். அதுதான் யோசனை.

இந்தக் கார்டை முதல்ல செஞ்சு வித்தது மியூனிக்ல இருக்கிற கீசெக்கெ அண்ட் டெவ்ரியன்ட். கரன்சி நோட்டு அச்சடிக்கிற பழைய கம்பெனி. 1991ல ஃபின்லாந்தோட ரேடியோலின்யாவுக்கு 300 கார்டு குடுத்தாங்க. அதே வருஷம் ஜூலை 1ஆம் தேதி, முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி தாம்பரே நகரத்துத் துணை மேயரைக் கூப்பிட்டுப் பேசினார். முதல் ஜி.எஸ்.எம். கால் அது. மறு வருஷம் 1992லயே ஃபின்லாந்தோட டெலிகாம் ஃபின்லாந்துக்கும் இங்கிலாந்தோட வோடஃபோனுக்கும் முதல் ரோமிங் ஒப்பந்தம்.

அது வேலை செய்யற விதம் நம்மூர்ல சொந்தக்காரங்களை விசாரிக்கிற மாதிரிதான். சிம்முக்குள்ள ஒரு நீள நம்பர் இருக்கு. அதோட முதல் மூணு இலக்கம் நாடு. இந்தியாவுக்கு 404, 405. ஜெர்மனிக்கு 262. சுவிஸுக்கு 228. மியூனிக் டவர் 404ஐப் பார்த்ததும் 'நீ இந்த ஊரு ஆள் இல்லையே, எந்த வீட்டுப் பிள்ளை?'ன்னு நம்ம இந்தியக் கம்பெனியைக் கேக்கும். 'ஆமா, எங்க பையன்தான், உள்ள விடு, செலவு என் கணக்கு'ன்னு பதில் வந்தா சிக்னல் கிடைக்கும்.

அந்த 'செலவு என் கணக்கு'லதான் வில்லங்கமே.

*

மியூனிக் டவர்காரன் நம்ம கம்பெனிகிட்ட மொத்த விலை வாங்குவான். நம்ம கம்பெனி அதுக்கு மேல லாபம் வெச்சு நம்மகிட்ட வாங்கும். டவர்காரனுக்கு நாம கஸ்டமரே இல்லை, வந்துட்டுப் போற ஆளு. நம்ம கம்பெனிக்கோ வருஷத்துல ஒரு வாரம் வெளிநாடு போறவனுக்காக யாரும் சிம் மாத்த மாட்டாங்கன்னு நல்லாத் தெரியும். விலையைக் குறைக்க ரெண்டு பேருக்கும் அவசரமே இல்லை.

இன்கமிங்குக்கு ஏன் காசு? கும்பகோணத்துல இருந்து மாமா என் நம்பருக்கு அடிக்கும்போது அவருக்கு அது உள்ளூர் கால். நான் மியூனிக்ல இருக்கேன்னு அவருக்கு எப்படித் தெரியும்? இந்தியாவுல இருந்து மியூனிக் வரைக்கும் அந்தக் காலை இழுத்துட்டு வர்ற செலவு என் தலையில. இந்தியாவுல 1995ல செல்போன் வந்தப்போ உள்ளூர்லயே இன்கமிங்குக்குக் காசு இருந்தது, ஞாபகம் இருக்கா? 2003லதான் அது போச்சு. ரோமிங்ல மட்டும் போகலை.

ஐரோப்பாவுல இதை உடைச்சது சந்தை இல்லை, சட்டம். ஐரோப்பிய ஆணையத்துல தொலைத்தொடர்பைப் பாத்துக்கிட்ட விவியன் ரெடிங், கம்பெனிங்க கத்தினாலும் விடலை. 2007ல உச்சவரம்பு வந்தது. வெளியே பேசினா நிமிஷத்துக்கு 49 சென்ட், உள்ளே வந்தா 24 சென்ட், வரி தனி. டேட்டாவுக்கு 2010 ஜூலையில ஒரு பூட்டு போட்டாங்க: பில் 50 யூரோ தொட்டா தானா நிக்கணும், வேணும்னா கஸ்டமர் சொல்லித்தான் திறக்கணும். 2012ல ஒரு எம்.பி.க்கு அதிகபட்சம் 70 சென்ட், 2014ல 20 சென்ட். 2017 ஜூன் 15ல இருந்து யூனியனுக்குள்ள ரோமிங்குக்குத் தனிக் காசே கிடையாது. இந்தச் சட்டத்தை 2022ல இன்னும் 10 வருஷத்துக்கு நீட்டிச்சுட்டாங்க.

நல்ல விஷயம்தான். ஆனா அது அவங்க ஊர் சிம்முக்கு. 404ல ஆரம்பிக்கிற நமக்கு இல்லை. சுவிட்சர்லாந்து யூனியன்லயே இல்லை, அதனால அவங்களுக்கும் இல்லை. அம்மா போற ஊருக்கு இது முக்கியம், ஞாபகம் வெச்சுக்கங்க.

ஆக, நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஒரே வழி சிம்மைக் கழட்டறது. ஏ.டி.எம். கார்டு சைஸ்ல இருந்தது 25க்கு 15 மில்லிமீட்டர் ஆச்சு. 2010ல ஐபேட், ஐபோன் 4 வந்தப்போ மைக்ரோ, 2012ல ஐபோன் 5 வந்தப்போ நானோ, 12.3க்கு 8.8. துண்டு சின்னதாக ஆகத் தொலைக்கறதும் சுலபமாச்சு. ஏர்போர்ட் பெஞ்சுல உக்காந்து குண்டூசியால குத்தி, கீழே விழுந்ததைத் தேடி, நாமளும் குனிஞ்சிருக்கோம்ல.

*

இ-சிம் முதல்ல மனுஷனுக்காக வந்ததே இல்லை. மின்சார மீட்டர், லாரி, காருக்குள்ள இருக்கிற கருவி, இதுக்கெல்லாம் யார் போய் சிம் மாத்தறது? அதனால சிப்பை உள்ளேயே பத்த வெச்சுட்டு, அடையாளத்தை மட்டும் தூரத்துல இருந்து அனுப்பினா என்னன்னு யோசிச்சாங்க. 2010 நவம்பர்ல ஜி.எஸ்.எம். சங்கம் இதுக்கு ஒரு குழு போட்டது. 2016ல சாதாரண ஜனங்களுக்கான விதிமுறை வந்து, சாம்சங் கியர் எஸ்2 வாட்ச்ல முதல்ல ஏறுச்சு. 2017ல கூகுள் பிக்ஸல் 2. 2018ல ஐபோன் எக்ஸ்.எஸ்., எக்ஸ்.ஆர்.

அந்த 2018 போன்லதான் எனக்கு வேண்டியது நடந்தது. ஒரு நானோ சிம், ஒரு இ-சிம், ரெண்டும் ஒரே நேரத்துல உயிரோட. ரெட்டை சிம் போன் நம்மூர்ல அதுக்கு முன்னாடியே தெருவுக்குத் தெரு இருந்ததுதான். ஆனா அதுலயும் வெளியூர் போனா ஒரு கடையைத் தேடி, பாஸ்போர்ட்டைக் காட்டி, ஒரு துண்டு வாங்கணும். இப்போ அந்த ரெண்டாவது சிம்மைக் கும்பகோணத்துலயே உக்காந்து ஏத்திடலாம்.

கம்பெனிங்க இதைச் சும்மா விட்டுடலை. இ-சிம் போனைத் தங்களோட நெட்வொர்க்குலயே பூட்டி வைக்கிற மாதிரி விதியை எழுதப் பாக்கறாங்கன்னு அமெரிக்க நீதித்துறை ஏ.டி.&டி., வெரைசன், ஜி.எஸ்.எம். சங்கம் மூணு பேரையும் விசாரிச்சது. 2019 நவம்பர்ல, விதி எழுதற முறையையே மாத்திக்கறோம்னு சங்கம் ஒத்துக்கிட்டது. அப்புறம் 2022ல அமெரிக்காவுல வித்த ஐபோன் 14ல சிம் ஓட்டையே இல்லை. 2025ல வந்த ஐபோன் ஏர்ல எந்த நாட்டுலயும் இல்லை.

*

சரி, அந்த ராத்திரிக்கு வருவோம். இந்தக் கதையெல்லாம் தெரிஞ்ச பிறகு கடைகளைப் பாத்தா கொஞ்சம் தெளிவா இருந்தது.

டிராவல் இ-சிம் விக்கிற கடைகள்ல பல பேருக்குச் சொந்தமா ஒரு டவர் கூடக் கிடையாது. எங்கயோ ஒரு நாட்டுக் கம்பெனிகிட்ட மொத்தமா வாங்கி, சில்லறையா விக்கறாங்க. அதாவது நீங்க பாசெல்ல இருந்தாலும், உங்க இ-சிம் போலந்து வீட்டுப் பிள்ளையா இருக்கலாம், ஹாங்காங் வீட்டுப் பிள்ளையா இருக்கலாம். பழைய ரோமிங்தான் இது. என்ன, நம்ம கம்பெனியை நடுவுல இருந்து எடுத்துட்டு வேற ஒரு கம்பெனியை உக்கார வெச்சிருக்கோம். அதனால நீங்க பாக்கற பக்கம் எல்லாம் அந்த வீட்டைச் சுத்திக்கிட்டு வரலாம். வேகம் குறையும். சில சைட் உங்களை வேற நாட்டு ஆள்னு நெனச்சுக்கும். அமெரிக்காவுல நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்காரங்க 2025ல ஆராய்ச்சி பண்ணி, பல டிராவல் இ-சிம்ல டேட்டா மூணாவது நாட்டு வழியாப் போகுதுன்னு காட்டினாங்க. இந்தியாவுல 2024 ஜனவரியில, அனுமதிச் சான்று இல்லைன்னு தொலைத்தொடர்புத் துறை சொல்ல, ஏரலோ, ஹோலாஃப்ளை ரெண்டு ஆப்பையும் ஆப்பிளும் கூகுளும் நம்ம ஊர் ஸ்டோர்ல இருந்து தூக்கினாங்க. விலை மட்டும் பாத்து வாங்கற சாமான் இல்லை இது.

அம்மாவுக்காக நான் பாத்தது இதுதான்.

முதல்ல நாடு. பாசெல் மூணு நாடு சந்திக்கிற முனை. ஊரோட ஏர்போர்ட் ஃபிரான்ஸ் மண்ணுல இருக்கு. ஜெர்மன் ரயில்வேயோட ஸ்டேஷன் ஒண்ணு சுவிஸ் மண்ணுல இருக்கு. போன் நிமிஷத்துக்கு ஒரு நாட்டு டவரைப் பிடிக்கலாம். ஜெர்மனி, ஃபிரான்ஸ், சுவிஸ் மூணும் பட்டியல்ல பேரோட இருக்கணும். 'ஐரோப்பா'ன்னு போட்டுட்டு சுவிஸை விட்ட ரெண்டு பிளானை அப்பவே ஒதுக்கினேன்.

ரெண்டாவது, நாள் எப்ப ஆரம்பிக்குது? இன்ஸ்டால் பண்ண அன்னிக்கா, அங்க போய் டவரைத் தொட்ட அன்னிக்கா? ரெண்டாவது வகைதான் வாங்கினேன், ஏன்னா க்யூ.ஆர். கோடை வீட்டு வைஃபையிலயே ஏத்தி அனுப்பணும். ஏர்போர்ட்ல அம்மா அதோட மல்லுக்கட்டக் கூடாது. ஒருமுறை ஏத்தினதை அழிச்சுட்டா, பெரும்பாலும் அதே கோடு திரும்ப வேலை செய்யாது. 'எதையும் டெலிட் பண்ணாதேம்மா'ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்.

மூணாவது, அளவு. தங்கச்சி வீட்டுல வைஃபை இருக்கு. வெளியே போனா வாட்ஸ்அப், மேப். 30 நாளுக்கு 5 ஜி.பி., தீர்ந்தா அதே இ-சிம்முக்கே மேல போட்டுக்கலாம். அன்லிமிடெட்ல தினமும் கொஞ்சம் ஓடினதும் வேகத்தைக் குறைச்சுடுவாங்கன்னு அந்த நட்சத்திரக் குறி சொல்லுச்சு. வேண்டாம்னுட்டேன்.

நாலாவதுதான் எனக்கு உயிர். இந்திய சிம் உயிரோட இருக்கணும். ப்ரீபெய்டுக்கு வேலிடிட்டி மூணு மாசத்துக்கு மேல வர்ற மாதிரி ரீசார்ஜ் பண்ணி, சர்வதேச ரோமிங்கை ஆன் பண்ணச் சொல்லி, இன்கமிங் வர்ற பேக்கும் போட்டேன். போன்ல டேட்டா இ-சிம்முக்கு மட்டும். அதுக்கு டேட்டா ரோமிங் ஆன், இந்திய சிம்முக்கு ஆஃப். ஐபோன்ல 'டேட்டா ஸ்விட்ச்சிங்'னு ஒரு பொத்தான் இருக்கு, அதையும் ஆஃப். இல்லைன்னா அது பாட்டுக்கு இந்திய சிம்முக்குத் தாவி பேலன்ஸை முழுங்கிடும்.

*

ஃப்ராங்க்ஃபர்ட்ல இறங்கின ஏழாவது நிமிஷம் வாட்ஸ்அப்ல அம்மா குரல் வந்தது. "வந்துட்டேன்டா. குளுருது." அவ்ளோதான். மாப்பிள்ளையைக் கண்டுபிடிச்சுட்டாங்க.

இதோட முடிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டேன்.

ஜூன் மாசம் ஒரு மத்தியானம் பாசெல்ல அம்மாவும் பேத்தியும் டிராம்ல போயிட்டு இருந்திருக்காங்க. அம்மாவோட பழைய நம்பருக்கு ஒரு கால். கும்பகோணத்துப் பக்கத்து வீட்டு மாமா. வயசு எண்பதைத் தாண்டிடுச்சு. அம்மா வெளிநாடு போனது அவருக்கு மறந்தே போச்சு. எங்க வீட்டு மாடித் தொட்டி வழிஞ்சு தண்ணி தெருவுல ஓடுது, சாவி எங்கேன்னு கேக்கறார். அம்மா ரெண்டாவது ரிங்ல எடுத்து, துளசி மாடத்துக்குப் பின்னாடி இருக்கிற டப்பாவுல சாவின்னு சொல்லியிருக்காங்க. மாமா போய் மோட்டாரை நிறுத்திட்டார். அம்மா சுவிட்சர்லாந்துல இருந்து பேசினாங்கன்னு அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

அன்னிக்கு ராத்திரி அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாங்க.

"மாமா அடிச்சார்டா. உடனே எடுத்துட்டேன்."

"சரிம்மா"ன்னு மட்டும்தான் சொன்னேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியலை.